கேம் பேயா, கேபிள் பேயா? ஆக்சன்ஃப்ரீ தகராறு செய்தால் பார்க்க வேண்டியவை

பெங்களூரு அல்சூரில் எங்கள் சந்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பகலில் ஆபீஸில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், சாயங்காலம் சந்துப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாத மெக்கானிக். ஒரு கோடை லீவில் எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "அக்கா, மானிட்டர் செத்துப் போச்சு!" போய்ப் பார்த்தால் திரை முழுக்கக் குறுக்குக் கோடு. நிறமெல்லாம் ஒரு விரல்கடை நகர்ந்து நிற்கிறது. கேபிளைக் கழற்றி மாட்டினேன், கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தேன், எஸ்.பி. ரோடு வரை போய் 350 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். கோடு அப்படியே இருந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு அவள் மெதுவாகச் சொன்னாள்: "இந்த சீனைத் தாண்டினா தானா சரியாயிடுது அக்கா."

அவள் ஆடிக்கொண்டிருந்தது ஆக்சன்ஃப்ரீ என்ற பேய்க் கதை கேம். அந்த 350 ரூபாய்க்குப் பிறகு இந்த ஒரே கேமுக்காகப் பல வீடு ஏறி இறங்கிவிட்டேன். கேம் 2016 ஜனவரியில் வந்தது, நைட் ஸ்கூல் ஸ்டுடியோ செய்தது. அலெக்ஸ் என்ற பெண், அம்மாவின் மறுமணத்தால் புதிதாக உறவான ஜோனஸ், கூட ரென், நோனா, கிளாரிஸா. ஐந்து பேரும் எட்வர்ட்ஸ் தீவுக்கு ராத்திரி தங்கப் போகிறார்கள். அங்கே ஒரு குகையில் அலெக்ஸ் தன் கையடக்க ரேடியோவைத் திருகியதும் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது. அதற்கப்புறம் பேய்கள் ரேடியோவில் பேசும், நேரம் திக்கும், படம் கிழியும். கெட்டுப்போன மாதிரி தெரிவதுதான் இந்த கேமின் வேலையே. ஆகவே இதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேமைத்தான், கம்ப்யூட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

(கதையின் முடிவை எங்கும் உடைக்கவில்லை. பாதி ஆடியவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.)

எதையும் கழற்றுவதற்கு முன்

கோளாறு தெரியும்போதே விண்டோஸ் பட்டனோடு பிரின்ட் ஸ்க்ரீனை அழுத்தி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். அதே மானிட்டரில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கோடு போட்ட கண்ணாடி வழியாகக் கோட்டைத் தேடுகிற கதைதான்.

போனில் படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிளிலோ மானிட்டரிலோ பிரச்சினை. போனிலும் கோடு இருந்தால் கேமின் வேலை, இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டு. அடுத்து ஆல்ட், டேப் அழுத்தி டெஸ்க்டாப்புக்கு வாருங்கள். அங்கே பளிச்சென்று இருந்தால் பெரும்பாலும் கேம்தான். இரண்டு நிமிஷ வேலை இது. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் எஸ்.பி. ரோடு வெயிலில் அலைந்திருக்க மாட்டேன்.

திரையில் கோடு, நடுக்கம், நிறம் பிசகுகிறது

*சில இடங்களில் மட்டும் வருகிறது, பேச்சு முடிந்ததும் போய்விடுகிறது*

தேய்ந்த வீடியோ கேசட் ஓடுகிற மாதிரி கோடு வந்து, படம் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றால் அது கேமே செய்கிற வேலை. முக்கோண வடிவம் தெரிந்தாலும், கண்ணாடிக்குள் இருக்கும் அலெக்ஸ் வெளியே இருக்கும் அலெக்ஸிடம் பேசினாலும் அப்படியே. ஒன்றும் செய்யாதீர்கள், மேலே ஆடுங்கள்.

*டெஸ்க்டாப்பிலும் வருகிறது, ஸ்க்ரீன்ஷாட்டில் இல்லை*

முதலில் கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். அப்புறம் மானிட்டரின் வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பக்கத்து வீட்டுக் கேபிளைக் கடன் வாங்கிப் போடுங்கள். புதிது வாங்குவது கடைசி.

லேப்டாப் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. மூடியை ஒரு கையால் பிடித்து, புத்தகம் மூடுகிற வேகத்தில் மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். ஒரு கோணத்தில் கோடு கூடி இன்னொரு கோணத்தில் மறைந்தால், கீல் வழியாகத் திரைக்குப் போகும் பட்டைக் கேபிள் நைந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வீட்டில் திறக்க வேண்டாம். மூடியை எந்தக் கோணத்தில் வைத்தாலும் கோடு ஒரே இடத்தில் நின்றால் திரையே போயிருக்கலாம். இரண்டில் எது என்றாலும் கடைக்குத்தான் போக வேண்டும். ஆனால் எது என்று தெரிந்துகொண்டு போனால், கேபிளுக்குத் திரை விலை கொடுத்துவிட்டு வர மாட்டீர்கள்.

*ஸ்க்ரீன்ஷாட்டிலும் இருக்கிறது, மற்ற கேமிலும் வருகிறது*

கலர் புள்ளிகள், சதுரங்கக் கட்டம், நீள முள் மாதிரி முக்கோணச் சிதறல் எல்லாம் இந்த வகை. டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கார்டின் வேகத்தைக் கம்பெனி வைத்ததற்கு மேல் கூட்டி ஓவர்கிளாக் செய்து வைத்திருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள் (இதைச் செய்தவர்கள் யாரும் தானாக ஒத்துக்கொள்வதில்லை, இரண்டு தடவை கேட்க வேண்டும்). கேபினெட்டைத் திறந்து கார்டின் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன்னால் கம்பெனிப் பெயர் வருமே, அந்தத் திரையிலேயே புள்ளிகள் தெரிந்தால் டிரைவரில் குறை இல்லை. கார்டு போகும் நேரம் வந்துவிட்டது. யாராவது ஹீட் கன்னால் சூடு காட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். ஒரு மாதம் ஓடும், மறுபடி படுக்கும். அந்தக் காசை அடுத்த கார்டுக்குச் சேர்த்து வையுங்கள்.

ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது

அதிகமாக என்னைக் கூப்பிடுவது இதற்குத்தான். இதில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "கேமை மூடித் திறந்த பிறகு பழைய இடத்துக்குப் போகுதா, ஆடிக்கிட்டு இருக்கும்போதே போகுதா?"

*ஆடிக்கொண்டிருக்கும்போதே*

அது கதை. நேரம் ஒரு சுழலில் மாட்டிக்கொள்கிறது. அதே இடம், அதே ஆட்கள், ஆனால் பேச்சில் ஏதாவது ஒரு சின்ன மாற்றம் இருக்கும். நடந்து சுற்றிப் பாருங்கள், பெரிய சுருள் வைத்த பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று நிற்கும். அதன் சுருளைச் சுற்ற வேண்டும். பிள்ளைகள் ராட்டினம் சுற்றுகிற வேகத்தில் சுற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். நிதானமாக, ஒரே சீராகச் சுற்றுங்கள், பிடிபட்டது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

*மூடித் திறந்தால் பழைய இடம்*

இது நிஜக் கோளாறு. கேம் தானாகத்தான் சேவ் செய்யும், அதைப் பதிவு செய்ய முடியாமல் ஏதோ தடுக்கிறது. எளிதானதிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.

கேமை எப்படி மூடுகிறார்கள்? அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் நேராக சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். நான் பார்த்த பாதிக்கு மேல் கேஸ்கள் இங்கேயே முடிந்துவிட்டன. ஒரு காட்சி முடிந்து அடுத்த இடத்துக்குப் போன பிறகு, மெனு வழியாக வெளியே வரப் பழக்குங்கள்.

அடுத்தது டிஸ்க். சி டிரைவ் சிவப்புப் பட்டை காட்டினால் முதலில் குப்பையைக் காலி செய்யுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று ஒன்று இருக்கும். வழக்கமாக அது அணைந்தே இருக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று யாராவது ஆன் செய்திருந்தால், கேம்கள் ஃபைல் எழுதுவதையும் சில சமயம் தடுத்துவிடும். அதை அணைக்க வேண்டாம், கேமுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

இரண்டு கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் ஸ்டீமில் (கேம் வாங்கி இறக்குகிற ஆப்) கவனமாக இருங்கள். இந்த மெஷினில் உள்ள சேவ் வேண்டுமா, கிளவுடில், அதாவது இணையத்தில், உள்ளது வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் நேரம் போட்டிருக்கும், படித்துவிட்டு அழுத்துங்கள். மாடி வீட்டுப் பையன் பசி அவசரத்தில் தப்பை அழுத்தி மூன்று மணி நேர ஆட்டத்தைத் தொலைத்தான். முழு கேமே நாலைந்து மணி நேரம்தான், இதில் மூன்று மணி என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். அவனுக்கு நான் சொன்ன ஒரே ஆறுதல், இரண்டாம் தடவை வேறு பதில்களைச் சொன்னால் கதையும் கொஞ்சம் வேறாகப் போகும் என்பது. அது நிஜமும்கூட.

இதெல்லாம் பார்த்தும் சேவ் ஆகவில்லை, கூடவே ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று தட்டுகிறது, ஃபோல்டர் திறக்கவே நிமிஷக்கணக்கில் ஆகிறது என்றால் கேமை மறந்துவிடுங்கள். முதலில் போட்டோக்களையும் பள்ளிக்கூட ஃபைல்களையும் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். டிஸ்க் கிளம்பத் தயாராகிறது.

சத்தம் சரியில்லை

ரேடியோ வைத்து ஆடுகிற கேம், அதனால் கரகரப்பு உண்டு. ரேடியோ முள்ளை நகர்த்தும்போது கரகரப்பும் மாறினால் அது கேமுடையது.

*எல்லோருடைய குரலும் பழைய டெலிபோனில் பேசுகிற மாதிரி இருக்கிறது*

இதில் நானே ஒரு வாரம் ஏமாந்தேன், ரேடியோ எஃபெக்ட் என்று நினைத்துக்கொண்டு. குற்றவாளி ப்ளூடூத் ஹெட்செட். பின்னால் ஏதாவது ஒரு ஆப் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஹெட்செட் போன் பேசும் நிலைக்கு மாறிவிடும். சத்தம் தட்டையாகி, இரண்டு காதுக்கும் ஒன்றாகிவிடும். நண்பர்களோடு பேசும் ஆப்பை மூடுங்கள், அல்லது சவுண்ட் செட்டிங்கில் ஹேண்ட்ஸ் ஃப்ரீ, ஸ்டீரியோ என்று இரண்டு தெரிந்தால் ஸ்டீரியோ என்பதைத் தேர்ந்தெடுங்கள். காதில் விழும் வித்தியாசம் ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும்.

*படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்*

இதுவும் ப்ளூடூத்தின் தாமதம்தான். ஒயர் ஹெட்போனைச் செருகிப் பாருங்கள், போய்விட்டால் கேஸ் முடிந்தது.

*கேம் அமைதியாக இருக்கும்போதும் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம்*

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். ரீங்காரம் நின்றால் கரண்ட் லைனில் வருகிறது. வேறு பிளக் பாயின்ட், வேறு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால், பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். சார்ஜர் மாட்டியிருக்கும்போது லேப்டாப்பின் உலோக உடம்பையோ கேபினெட்டையோ புறங்கையால் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எங்கள் பக்கம் பழைய வாடகை வீடுகளில் மூன்று பின் பாயின்ட் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. கம்ப்யூட்டர் ஆளைத் தேடாதீர்கள், நேராக எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை கேம் வேண்டாம். வீட்டுக்காரர் "இத்தனை வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்பார். என்னிடமும் சொன்னார்.

பதில் சொல்ல விடமாட்டேன் என்கிறது

அலெக்ஸ் தலைக்கு மேலே மூன்று பேச்சுக் குமிழ்கள் வரும், கொஞ்ச நேரத்தில் மங்கி மறைந்துவிடும். யோசிக்கிறவர்களுக்காக நிற்காது. சும்மா இருப்பதும் ஒரு பதில்தான். இதைக் கோளாறு என்று சொல்லி என்னைக் கூப்பிட்ட ஒரு அப்பாவுக்கு இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

குமிழ் இருக்கும்போதே அழுத்தியும் எடுக்கவில்லை என்றால், கீபோர்டு மவுஸுக்கு மாறிப் பாருங்கள். அதில் வேலை செய்தால் கன்ட்ரோலரில் பிரச்சினை. ஒரே சமயத்தில் இரண்டு கன்ட்ரோலர் மாட்டியிருக்கிறதா, ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பும் பட்டன்களை மாற்றியமைக்கும் வேறு ஏதாவது மேப்பிங் ஆப்பும் போட்டி போடுகிறதா என்று பாருங்கள். ஒன்றை நிறுத்துங்கள்.

அலெக்ஸ் தானாகவே ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தால், ரேடியோ முள் கையை எடுத்தும் நகர்ந்தால், அதற்குப் பேய் காரணமில்லை, ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. செட்டிங்கில் டெட் ஸோனை (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் அளவு) கொஞ்சம் கூட்டுங்கள். அப்புறம் கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரை ஸ்டிக்கின் அடியில் ஒரே ஒரு பீச்சு அடித்து, இருபது முப்பது தடவை சுழற்றி, காயவிட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டிக் மாட்யூலை ஈயம் வைத்துத்தான் மாற்ற வேண்டும். விலை குறைந்த கன்ட்ரோலருக்கு அந்தக் கூலி கட்டாது.

ரேடியோவில் எதுவும் பிடிபடவில்லை, பூட்டிய கதவு திறக்கவில்லை என்றால் முள்ளை மெதுவாக நகர்த்துங்கள், அவ்வளவுதான்.

ஆட்கள் எறும்பு அளவுக்குத் தெரிகிறார்கள் என்பதும் அடிக்கடி வரும் புகார். கேமே தூரத்திலிருந்துதான் காட்டும். டிவியில் மாட்டி ஆடினால் கிட்டே உட்காருங்கள்.

திறக்கவே இல்லை, அல்லது கறுப்புத் திரை

*சத்தம் வருகிறது, படம் இல்லை*

ஆல்ட், என்டர் அழுத்துங்கள். சின்ன ஜன்னலாக மாறிப் படம் வந்தால், முன்பு வேறு மானிட்டரின் அளவு நினைவில் நின்றிருக்கிறது. அதற்கும் வராவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்ன பீப் வந்து டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். பெரும்பாலும் ஆடிக்கொண்டிருந்ததை இழக்க வேண்டியிருக்காது.

*சத்தமும் இல்லை*

ஸ்டீம் லைப்ரரியில் கேம் பெயரின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அதில் வெரிஃபை. கெட்டுப்போன ஃபைலை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளும். ஆன்டி வைரஸ் எதையாவது பிடித்து அடைத்து வைத்திருக்கிறதா என்று அதன் பட்டியலில் பாருங்கள். நீக்கி மறுபடி போடுவது அதற்கும் பிறகு. நீக்கும் முன் சேவ் ஃபைலை நகல் எடுங்கள். இந்த கேம் யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்தது. யூனிட்டி கேம்கள் பொதுவாக யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா (AppData), அதில் லோக்கல்லோ (LocalLow) என்ற இடத்தில் கம்பெனி பெயரில் ஃபோல்டர் வைத்திருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் தெரியும்.

பென்டிரைவில் யாரோ கொடுத்த காப்பி என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதை நான் தொடுவதில்லை, அதோடு என்னென்ன சேர்ந்து வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆடும்போதே அணைந்துவிடுகிறது

கரண்ட் போகும் நொடியில் மட்டும் அணைந்தால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். பல மாடல்களில் யூபிஎஸ், இகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது இகோவில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தை டெஸ்க்டாப் தாங்காது. யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள்.

கரண்ட் இருக்கும்போதே, அரை மணி ஆடிய பிறகு அணைந்தால் சூடு. பாதிப் பேர் லேப்டாப்பை மெத்தையில் வைத்து ஆடுகிறார்கள், முதலில் மேஜைக்கு மாற்றுங்கள். காற்றுத் துளையில் பிரஷ் போடுங்கள். பக்கத்தில் மெட்ரோ வேலையோ வீடு கட்டுகிற வேலையோ நடந்தால் ஆறு மாதத்தில் ஃபேனில் கம்பளி மாதிரி தூசி சேர்ந்துவிடும். நான் ஒரு தடவை பிரித்தபோது முழுதாக ஒரு பட்டையாக உரிந்து வந்தது. வெப்பநிலை காட்டும் ஆப்பில் பிராசஸர் 90 டிகிரிக்கு மேலேயே நின்றால், அதன் மேல் பூசியிருக்கும் சூடு கடத்தும் பேஸ்டை மாற்ற வேண்டியிருக்கலாம். டெஸ்க்டாப்பில் செய்யத் தெரிந்தால் செய்யுங்கள், லேப்டாப்பைக் கடையில் கொடுங்கள். சூடே இல்லாமல் அணைந்தால் பெரும்பாலும் பவர் சப்ளை. அதை மாற்றலாமே தவிர, அந்த டப்பாவைத் திறக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

கடைக்குப் போகும்போது

பேட்டரி உப்பியிருந்தால் (டச்பேட் மேலே தூக்கியிருக்கும், மூடி சரியாக மூடாது) இந்தப் பட்டியல் எதையும் பார்க்காதீர்கள். அணைத்து, சார்ஜரை எடுத்து, அன்றைக்கே கொண்டுபோங்கள்.

மற்றதற்கு, போனில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டையும், கோளாறு வரும்போது எடுத்த ஒரு சின்ன வீடியோவையும் காட்டுங்கள். எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். விலையை முன்கூட்டியே கேளுங்கள், கழற்றிய பார்ட்டைத் திருப்பிக் கேளுங்கள். வீடியோ எடுக்கும்போது கேமின் பேய்க் காட்சியை எடுத்துவிடாதீர்கள். ஒரு கடையில் அதைப் பார்த்துவிட்டு மதர்போர்டு மாற்றணும் என்று துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெண் அந்தச் சீட்டை இன்னும் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.